சிங்கப்பூரில் தம்பி வழக்கு: நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வருமுன்

பெரியம்மா: நீதிமன்றம் போய் வந்தோம். இன்று தண்டனை சொல்லவில்லை. உள்ளே போடாமல், வீட்டிலிருந்தே நிபந்தனைகளோடு திருந்த விடும் நன்னடத்தைக் கண்காணிப்புக்கு ஏற்றவனா என்று அறிக்கை கேட்டிருக்கிறார்கள்.

செல்வா மாமா: அப்பாடா! உள்ளே போட மாட்டார்கள் என்றுதானே அர்த்தம் அக்கா?

விமலா சித்தி: இன்னும் முடிவாகவில்லை அண்ணா. அறிக்கை பாதகமாக வந்தால், இளையர்களை அடைத்து வைத்துத் திருத்தும் சீர்திருத்தப் பயிற்சிக்கு அனுப்பலாம். அங்கே குறைந்தது 6 அல்லது 12 மாதம் உள்ளேதான்.

கவி: அவனுக்கு 18தானே சித்தி, இளையர் நீதிமன்றம் கிடையாதா?

விமலா சித்தி: இந்த வயதுக்குப் பெரியவர்கள் போகிற அரசு நீதிமன்றம்தான் கவி. ஆனாலும் 21 வயதுக்கு உட்பட்டவர்களைத் திருத்துவதுதான் முதல் நோக்கம் என்று 1998லேயே அப்போதைய தலைமை நீதிபதி யோங் பங் ஹாவ் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறார். குற்றம் ரொம்பக் கடுமையாக இருந்தால் அது வேறு.

பெரியம்மா: அந்த அறிக்கை எழுதுகிற அதிகாரி வீட்டுக்கு வந்து பேசுவாராம். வீட்டுச் சண்டையை எல்லாமா சொல்வது?

விமலா சித்தி: சொல்லுங்கள் அக்கா, தயவுசெய்து மறைக்காதீர்கள். தொண்டூழியராக இந்த அதிகாரிகளோடு வேலை செய்ததில் நான் கண்டது இது. யாரோடு சுற்றுகிறான், எப்போது வீடு திரும்புகிறான், அத்தானோடு ஏன் பேசுவதில்லை, இதெல்லாம் தெரிந்தால்தான் அவனுக்குப் பொருந்துகிற மாதிரி நிபந்தனை போட முடியும். கண்காணிப்பு 6 மாதத்திலிருந்து 3 வருடம் வரை போகலாம். இரவு வெளியே போகத் தடை, சமூக சேவை, சிலருக்குக் காலில் மின்னணு வளையம். பெற்றோரையும் பிணை எழுதித் தரச் சொல்வார்கள்.

செல்வா மாமா: தேக்காவில் நம் கடையிலேயே வேலை தருகிறேன். என் கண்முன்னாலேயே இருப்பான். இரவு 11 மணிக்கு நானே கொண்டுவந்து விடுகிறேன்.

விமலா சித்தி: வேலை நல்லதுதான் அண்ணா, 11 மணிதான் இடிக்கும். 10 மணிக்குள் வீட்டில் இருக்கவேண்டும் என்று போட்டால் என்ன செய்வீர்கள்?

பெரியம்மா: ஒரு நாள் தாமதமானால் நான் சமாளித்துக்கொள்கிறேன் விமலா.

விமலா சித்தி: அதைத்தான் செய்யவே கூடாது அக்கா! பாசத்தில் மூடி மறைத்து, மூன்றாவது மீறலில் பிடிபட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மறுபடி நீதிமன்றத்தில் நிறுத்தினால் பழைய குற்றத்துக்கே புதிதாகத் தண்டனை தரலாம். தாமதமாகும் என்று தெரிந்தால் உடனே அதிகாரிக்குச் சொல்லுங்கள். முதல் தடவையே சொன்னால் அவரால் பேசித் திருத்த முடியும்.

கவி: தம்பி என்ன சொல்கிறான் பெரியம்மா?

பெரியம்மா: வாயே திறக்கவில்லை.

விமலா சித்தி: அவன் பேசியாக வேண்டும். நிபந்தனைகளுக்குச் சம்மதமா என்று அவனிடம்தான் கேட்பார்கள். நாளை சாயங்காலம் நான் வருகிறேன், அவனோடு தனியாகப் பேசவேண்டும்.

செல்வா மாமா: சரி, கடையில் அவனுக்குக் காலை வேலையே கொடுக்கிறேன். மாலை 5 மணிக்கு விட்டுவிடுவேன். அதிகாரியிடம் அப்படியே சொல்லுங்கள் அக்கா.