விலை உயர்ந்த மதர்போர்டு: வாங்கப் போன இடத்தில் நடந்தது

மதர்போர்டு (கணினியின் எல்லாப் பாகங்களும் பொருந்தும் தாய்ப்பலகை) பற்றி தென்னாப்பிரிக்காவின் வெவ்வேறு ஊர்க்காரர்கள் எழுதிக்கொண்டது.

வெருலம் வீடியோக்காரர்:

கல்யாண வீடியோ தொகுப்பதுதான் என் பிழைப்பு. பழைய கணினி மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஏஎம்டி பிராசசருக்கான எக்ஸ்870இ வகை போர்டுகளை ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நிறம், விளக்கு, வைஃபை எதைப் பற்றியும் எனக்குக் கவலையில்லை. தெரிய வேண்டியது ஒன்றுதான். இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் (சேமிப்புக்கான எஸ்எஸ்டி செருகும் இடம்) வேகமான எஸ்எஸ்டி பொருத்தினால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு 16 லேனும் (தரவு போகும் பாதைகள்) அப்படியே கிடைக்குமா?

"எல்லா ஸ்லாட்டும் வேலை செய்யும், அங்கிள்" என்றான் கவுன்டரில் இருந்த பையன்.

நான் கேட்டது அதுவல்ல. கைப்பேசியில் அந்த போர்டின் கையேட்டைத் திறந்து, லேன்கள் எங்கெங்கே போகின்றன என்று காட்டும் படத்தை அவன் முன் வைத்தேன். அடியில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒரு குறிப்பு: அந்த ஸ்லாட்டில் எஸ்எஸ்டி இருந்தால் கிராஃபிக்ஸ் ஸ்லாட் 8 லேனில் இயங்கும். பையன் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கிப் படித்தான். பிறகு, "இதையெல்லாம் யாரும் கேட்பதில்லையே" என்றான். அந்தப் பேச்சுதான் இன்னும் உறுத்துகிறது. இவ்வளவு ரண்ட் கொடுத்து வாங்குகிற பொருளுக்கு இந்தக் கேள்விகூடவா கேட்க மாட்டார்கள்?

கணக்கு எளிது. ஏஎம்5 (ஏஎம்டி பிராசசர் உட்காரும் இப்போதைய சாக்கெட்) பிராசசரில் நம் கைக்கு வருபவை 24 லேன். கிராஃபிக்ஸுக்கு 16, முதல் எம்.2க்கு 4, மிச்சம் 4. எக்ஸ்870இ என்றால் யுஎஸ்பி4 (அதிவேக யுஎஸ்பி இணைப்பு) கட்டாயம் இருக்க வேண்டும் என்பதால் பெரும்பாலான போர்டுகளில் அந்த மிச்சம் நான்கை அது எடுத்துக்கொள்கிறது. பிறகு இரண்டாவது ஜென்5 (லேன்களின் தரநிலையான பிசிஐஇயின் 5.0 பதிப்பு) எம்.2 ஸ்லாட்டுக்கு கிராஃபிக்ஸின் பங்கிலிருந்துதான் பிய்த்துக் கொடுக்க வேண்டும். 2022இல் வந்த எக்ஸ்670இயில் அந்தக் கட்டாயம் இல்லை. நான் அதையே வாங்கினேன், விலையும் குறைவு.

ஃபீனிக்ஸ் மாமா:

வெருலம் தம்பி, எட்டு லேனைக் கண்டு ஏன் இவ்வளவு பயம்? பிசிஐஇ 5.0இல் எட்டு லேன் என்பது 4.0இல் பதினாறுக்குச் சமம். கார்டும் 5.0 ஆக இருந்தால் வித்தியாசத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 4.0 கார்டாக இருந்தாலும் விளையாட்டில் சில சதவீதத்துக்கு மேல் இழப்பதில்லை.

என் மனத்தில் நிற்பது வேறு. அக்காள் மகன் கடையிலேயே விலை கூடிய போர்டை வாங்கினான். எட்டு கோர் எக்ஸ்3டி பிராசசர் (விளையாட்டுக்கேற்ற ஏஎம்டி வகை), டிடிபி (வெப்ப, மின் அளவு) வெறும் 120 வாட். ஒரு சாயங்காலம் முழுக்க விளையாடி முடித்ததும் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றச் சொல்லி, மின்சாரம் சீராக்கும் பகுதியின் மேலுள்ள கனத்த ஹீட்சிங்கில் உள்ளங்கையை வைத்தேன். சூடே இல்லை. ஓவர்கிளாக்கிங்குக்காக (பிராசசரை வரம்புக்கு மேல் ஓட்டுவது) அடுக்கிய அத்தனை பவர் ஃபேஸும் (மின்சாரம் தரும் சுற்றுகள்) தூங்கிக்கொண்டிருக்கின்றன. அவன் பார்த்துக்கொண்டிருந்ததோ 60 ஹெர்ட்ஸ் பழைய மானிட்டர். மலிவான பி650 போர்டு ஒன்றை எடுத்திருந்தால் மிச்சப் பணத்தில் நல்ல மானிட்டரே வந்திருக்கும். பிள்ளை முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லெனேசியா:

டிடிஆர்5 மெமரி போடும் போர்டை முதன்முதலில் இயக்கும்போது மெமரி பயிற்சி (மெமரிக்கு ஏற்ற அமைப்பை போர்டு தானே சோதித்துத் தேடுவது) நடக்கும், திரை கறுப்பாகவே இருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது 2023இல் நடந்தது. ஆறாம் கட்ட மின்வெட்டு, நாளில் பல முறை மின்சாரம் போகும் காலம். தங்கையின் படிப்புக்காக 64 ஜிபி மெமரியோடு கணினி கட்டிக்கொண்டிருந்தோம். பொத்தானை அழுத்தினேன். போர்டின் மூலையில் இரண்டு இலக்க எண் மாறி மாறி வந்து 15இல் நின்றது. பல நிமிடம் போயிற்று. தங்கை, "அண்ணா, எரிந்துவிட்டதா?" என்று கேட்கிறாள். "பொறு" என்று வாய் திறப்பதற்குள் தெருவே இருண்டுவிட்டது. அந்த 15ம் அணைந்தது.

மின்சாரம் திரும்பியதும் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் எல்லாம் சரியாகவே வந்தது, போர்டில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இருட்டில் அவள் அழுதது என் காதில் இருக்கிறது. அவளுடைய உதவித்தொகைப் பணம் அது.

அந்த இரண்டு இலக்க எண்காட்டி இல்லாத போர்டை இனி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பயிற்சி நடக்கிறதா, செத்துவிட்டதா என்று அதைப் பார்த்தால் ஓரளவு தெரிகிறது. ஃபீனிக்ஸ் மாமா சொல்லும் மலிவு போர்டுகள் பலவற்றில் அது கிடையாது.

மெரிபேங்க் அக்கா:

என் மகனுடைய போர்டு வாங்கிய மாதத்திலேயே இயங்கவில்லை. கடையில் ஒருவர் பூதக்கண்ணாடியை வைத்து சாக்கெட்டைப் பார்த்தார். "ஊசி போன்ற பின் ஒன்று வளைந்திருக்கிறது, உத்தரவாதம் செல்லாது" என்றார். எங்கே என்று கேட்டேன். கண்ணாடியை என் கையில் தரவே இல்லை. அந்தக் கண்ணாடியை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை நான் மறக்கவில்லை.

ஆகவே தம்பிகளே, லேன் கணக்கை விடுங்கள், இதைக் கேளுங்கள். ஏஎம்5இல் 1718 பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, பிராசசரில் இல்லை. இன்டெலின் இப்போதைய சாக்கெட்டிலும் அப்படியே. பணம் கட்டுமுன் கடையிலேயே மூடியைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை ஒருநாளும் எறியாதீர்கள், திருப்பி அனுப்பும்போது அது இல்லாவிட்டால் அதையே காரணமாகச் சொல்வார்கள். 2008ஆம் ஆண்டின் 68ஆம் சட்டம், நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதில் 56ஆம் பிரிவைப் படித்து வையுங்கள். பொருள் குறையுடையதாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பவர் வாங்கியவர், கடைக்காரர் அல்ல. "எங்கள் கொள்கைப்படி பழுது மட்டும்தான்" என்று ரசீதில் அச்சடித்தால் அது சட்டத்தை மாற்றிவிடாது. வாய்ப்பேச்சு வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் பொருள் சேவை குறைதீர்ப்பாளரிடம் எழுதுங்கள். இன்னொன்று, யுபிஎஸ் வாங்குங்கள். மின்வெட்டு 2024 மார்ச்சிலிருந்து பெரும்பாலும் ஓய்ந்திருந்தாலும் கேபிள் திருட்டு ஓயவில்லை. பயாஸை (போர்டை இயக்கத் தொடங்கும் மென்பொருள்) புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் போனால் லெனேசியா தம்பிக்கு நடந்ததைப் போல அவ்வளவு எளிதில் முடியாது. சிபியு இல்லாமலேயே பென்டிரைவால் பயாஸ் ஏற்றும் பொத்தான் பின்பக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஃபீனிக்ஸ் மாமா:

மெரிபேங்க் தங்கச்சி, சட்டம் சரிதான். ஆனால் அந்தப் பொத்தான் இப்போது பி650 போர்டுகள் பலவற்றிலும் இருக்கிறது. அதற்காக எக்ஸ்870இ தேவையில்லை.

வெருலம் வீடியோக்காரர்:

மாமா, விளையாட்டுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். என் கார்டு 4.0, அதற்கு எட்டு லேன் என்றால் பாதி வழிதான். எட்டு மணிநேரக் கல்யாணத்தை மூன்று கேமராவில் எடுத்து, ஒரு எஸ்எஸ்டியிலிருந்து படித்து இன்னொன்றில் எழுதிக்கொண்டே வண்ணம் திருத்துகிற வேலை இது. கையேட்டில் அந்தப் படம் இல்லாத போர்டை நான் தொடமாட்டேன்.

அடுத்து மெமரியை 128 ஜிபி ஆக்கப் போகிறேன். நான்கு மெமரிக் குச்சி போட்டால் ரைசன் 7000 பிராசசருக்கு அதிகாரபூர்வ மெமரி வேகம் 5200இலிருந்து 3600க்கு இறங்கிவிடும். எக்ஸ்670இயில் யாராவது நான்கையும் போட்டு அதைவிட வேகமாக, விடிய விடிய ரெண்டர் ஓட்டியிருக்கிறீர்களா? எந்த போர்டு, எந்த பயாஸ் என்று சொல்லுங்கள்.