நாடகத்தோடு பிசினஸையும் சேர்த்துப் படிக்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் இளங்கலை முதலாமாண்டு படிக்கிறேன். நாடகம்தான் என் மேஜர் (முதன்மைப் பாடம்), அதை விடுவதாக இல்லை. கூடவே பிசினஸையும் இரண்டாவது மேஜராக எடுக்கலாமா என்று யோசனை. பின்னாளில் சொந்தமாக ஒரு நாடகக் குழு நடத்த ஆசை. பட்ஜெட், ஒப்பந்தம், டிக்கெட் விற்பனை எல்லாம் தெரியாமல் அது நடக்காது.

பயமெல்லாம் நேரத்தைப் பற்றித்தான். பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் (வகுப்புகளை முடித்தால் கிடைக்கும் மதிப்பலகு) வேண்டும். நான் சேர்ந்திருப்பது பி.ஏ., அதனால் கொஞ்சம் இடம் இருக்கிறது, பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலைப் பட்டம்) என்றால் பெரும்பகுதி நாடக வகுப்புகளுக்கே போய்விடும். ஆனால் மாலை முழுக்க ஒத்திகை. அப்புறம் அக்கவுண்டிங், புள்ளியியலை எப்போது படிப்பது? ஒத்திகையில் அரை மனதோடு நிற்க எனக்குப் பிடிக்காது.

இரண்டையும் படித்தவர்கள் சொல்லுங்களேன்: நான்கே ஆண்டுகளில் முடிந்ததா? மார்க்கெட்டிங்கா, அக்கவுண்டிங்கா, எது கைகொடுத்தது? இல்லை, பிசினஸில் மைனர் (குறைந்த வகுப்புகள் கொண்ட துணைப் பாடம்) மட்டும் போதுமா?