புதுப்பிப்பு: மகளின் ப்ரீ-மெட் படிப்புக்குப் பல்கலைக்கழகம் முடிவாகிவிட்டது

அமெரிக்காவில் ப்ரீ-மெட் (மருத்துவக் கல்லூரிக்கு முன் படிக்கும் இளங்கலைப் படிப்பு) படிக்க, பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகமா, உதவித்தொகை தரும் மாநிலப் பல்கலைக்கழகமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டோம். மிச்சமாகும் பணம் பிறகு வரும் 4 ஆண்டு மருத்துவப் படிப்புக்கு.

கைகொடுத்த யோசனை: "கமிட்டி லெட்டர் யாருக்குத் தருவார்கள் என்று கேளுங்கள்." (மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்குப் பல்கலைக்கழகக் குழு தரும் பரிந்துரைக் கடிதம் அது.) கேட்டோம். தனியாரில் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) குறைந்தவர்களுக்குத் தருவதில்லையாம். அவர்கள் காட்டிய உயர்ந்த மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை விகிதம் அப்படி வடிகட்டிய பிறகு வந்தது! இதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

எதிர்பாராதது: ப்ரீ-மெட் தனி மேஜரே (முதன்மைப் பாடமே) அல்ல. உயிரியல், வேதியியல், இயற்பியல் போன்ற தேவையான பாடங்களை ஆய்வகத்தோடு முடித்தால், மேஜர் எதுவானாலும் விண்ணப்பிக்கலாம். மகள் வரலாறு எடுத்திருக்கிறாள். ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) மதிப்பெண்ணைச் சில மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை என்பதால் வேதியியலை மறுபடி படிக்கிறாள்.