புதுப்பிப்பு: மைக்கா பாறையிலிருந்து கார்னெட் வெளியே வந்துவிட்டது

மைக்கா (ஏடு ஏடாக உரியும் கனிமம்) நிறைந்த பாறைக்குள் பதிந்திருக்கும் சிவப்பு கார்னெட் படிகத்தை உடையாமல் எடுப்பது எப்படி என்று போன வாரம் கேட்டிருந்தேன். சுத்தியலைத் தொடாதீர்கள் என்று பலரும் சொன்னீர்கள். அதற்குள் ஒரு சின்னக் கல்லில் விரிசல் விழுந்திருந்தது, இன்னும் வருத்தம்தான்.

சரி, பெரிய கல்லுக்கு வருகிறேன். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் மைக்காவின் கடினத்தன்மை 3-ஐ ஒட்டி இருக்கும், கார்னெட்டுக்கு 6.5 முதல் 7.5 வரை. அதனால் எஃகு ஊசியே போதுமாக இருந்தது. ஊசி முனையைப் படிகத்தின் பக்கம் திருப்பாமல், அதிலிருந்து விலகும் திசையில் மைக்காவை ஏடு ஏடாக உரித்தேன். நான்கு மாலைகள் ஆயின. பாறை காயக் காயத் தண்ணீர் தெளித்தேன், முகக்கவசமும் போட்டுக்கொண்டேன். இந்த வகைப் பாறையில் குவார்ட்ஸும் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

வினிகரில் ஊறவைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சுற்றியுள்ள பாறை கால்சைட்டாக (சுண்ணாம்புக் கனிமம்) இருந்தால் மெல்லக் கரையும். மைக்கா கரையாது.

அப்புறம், அடிப்பக்கத்தில் கொஞ்சம் பாறையை அப்படியே விட்டுவிட்டேன். அங்கே படிகத்துக்குள் ஒரு பழைய விரிசல் தெரிகிறது.