தத்தெடுப்பா, ஏற்பா, புழக்கமா? ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

சென்னையில் ஹவுஸ் சர்ஜன்களுக்காக (படிப்பின் கடைசியில் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்கள்) தமிழில் ஒரு சிறு கைநூல் தயாராகிறது. மொழிபெயர்ப்பும் மெய்ப்பும் என் தலையில். நோயாளிப் பதிவு கணினிக்குப் போவது, தொலைமருத்துவம், மின்மருந்துச் சீட்டு, இவையெல்லாம் மருத்துவமனைக்குள்ளும் கல்லூரிக்குள்ளும் எப்படி வந்தன என்று ஓர் அத்தியாயம். அதன் தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன்.

'ஹெல்த் இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி'க்கு 'நலத் தகவல் நுட்பம்' என்று வைத்துவிட்டேன். 'சுகாதாரம்' என்றால் நம் ஊரில் குப்பை வண்டியும் கொசு மருந்தும்தான் முதலில் நினைவுக்கு வருகிறது, அதனால் தவிர்த்தேன். அதற்கு அடுத்து நிற்கிற 'அடாப்ஷன்'தான் பிரச்சினை. அகராதியில் தத்தெடுப்பு, சுவீகாரம், ஏற்பு, மேற்கொள்ளல் என்று கிடக்கின்றன. எதைப் போட்டாலும் வாக்கியம் நொண்டுகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். உதவுங்கள்.

* * *

தம்பி,

'தத்தெடுப்பு' மட்டும் வேண்டாம். இயந்திர மொழிபெயர்ப்பு அதைத்தான் நீட்டும், அப்படியே போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டலூரில் புலியைத் தத்தெடுக்கலாம், எம்.பி. ஒரு கிராமத்தைத் தத்தெடுக்கலாம், அதெல்லாம் சரி. ஆனால் உங்கள் நூலுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் என்று ஒன்று உண்டு, மாணவர்கள் முதலாண்டிலிருந்தே கிராமத்தில் சில குடும்பங்களோடு தொடர்பு வைத்து அவர்கள் உடல்நலத்தைக் கவனித்துவர வேண்டும். அது நிஜமான தத்தெடுப்பு. ஒரே புத்தகத்தில் குடும்பத்தையும் தத்தெடுத்து மென்பொருளையும் தத்தெடுத்தால் பையன் எதற்குக் காது குத்துவான்?

'ஏற்பு' தப்பில்லை, ஆனால் போதாது. ஏன் போதாது என்பதற்கு என் கதை ஒன்று.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) குத்துவிளக்கு ஏற்றி, ரிப்பன் வெட்டி, வார்டுக்கு ஒரு கணினி வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு சின்ன ஆய்வுக்காக ரத்த அழுத்தப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். காலை 6 மணிக்கும் 10 மணிக்கும் பார்த்திருக்கவேண்டிய அளவீடுகள் எல்லாம் மதியம் 1.40க்கும் 2.00க்கும் நடுவில் பதிவாகியிருந்தன, வார்டில் இருந்த அத்தனை பேருக்கும். முதலில் செவிலியர்கள்மேல் கோபம்தான் வந்தது. நேரில் போய் நின்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 40 படுக்கைக்கு ஒரே கணினி, அதுவும் வார்டின் கோடியில். படுக்கையருகில் பார்ப்பதை நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள், நோட்டு கையில் இல்லாதபோது உள்ளங்கையில். ரவுண்ட்ஸ் வருகிற பெரிய டாக்டர் காகிதத்தைத்தான் புரட்டுவார் என்பதால் கேஸ் ஷீட்டிலும் எழுதுகிறார்கள். ஷிஃப்ட் முடிய 20 நிமிடம் இருக்கும்போது ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் மொத்தமாகக் கணினியில் அடிக்கிறார். ஆக ஒரே எண்ணை மூன்று முறை எழுதுகிறார்கள், மூன்றாவதை யாரும் படிப்பதில்லை.

அந்த மருத்துவமனை மென்பொருளை 'ஏற்றுக்கொண்டது' என்று நீங்கள் எழுதினால் யாரும் மறுக்க முடியாது. ஆர்டர் இருக்கிறது, பில் இருக்கிறது, போட்டோகூட இருக்கிறது.

எங்கள் வீட்டில் பரண்மேல் அம்மாவுக்குச் சீராக வந்த பித்தளை அண்டா ஒன்று கிடக்கிறது. அது எங்களுடையதுதான், ஆனால் புழக்கத்தில் இல்லை. புழங்குகிற பாத்திரம் என்று அம்மா சொல்வது அடுப்பங்கரையில், கைக்கு எட்டுகிற தூரத்தில், அடிப்பக்கம் கரிபிடித்து இருப்பதை. நான் முன்வைப்பது இந்தச் சொல்லைத்தான்: புழக்கம். நலத் தகவல் நுட்பப் புழக்கம். மூன்று ஒற்று வரிசையாக வந்து கொஞ்சம் இடறுகிறது, தெரியும். 'மருத்துவத்தில் நலத் தகவல் நுட்பத்தின் புழக்கம்' என்று பிரித்தால் சரியாகிவிடும்.

இது என் வீட்டு அண்டாவுக்காக மட்டும் செய்கிற பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2009இல் ஒரு சட்டம் போட்டு, மின்பதிவுக்கு மாறுகிற மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் பணம் கொடுத்தார்கள். வாங்கி வைத்தால் மட்டும் பணம் கிடைக்காது, 'அர்த்தமுள்ள பயன்பாடு' என்று ஒரு நிபந்தனைப் பட்டியல் வைத்து அதில் தேறினால்தான். 2015 கணக்கில் அவர்களே இரண்டு எண்ணைத் தனித்தனியாகக் கொடுத்தார்கள்: சான்றளிக்கப்பட்ட மென்பொருள் கைவசம் உள்ள மருத்துவமனைகள் 96 சதவீதம், அடிப்படைப் பணிகளுக்காவது மின்பதிவு நடக்கிறவை 84 சதவீதம். 2008இல் இந்த இரண்டாவது எண் 10ஐக்கூடத் தொடவில்லை. கைவசம் வேறு, புழக்கம் வேறு என்று அவர்களுக்கே இரண்டு கணக்கு தேவைப்பட்டிருக்கிறது. நமக்கு இரண்டு சொல் தேவைப்படாதா?

நம் ஊருக்கு வருவோம். ஒருவரின் மருத்துவப் பதிவுகளை ஒன்றாகக் கோப்பதற்காக மத்திய அரசு ஆபா எண் என்று 14 இலக்கத்தில் ஒன்று கொடுக்கிறது, கோடிக்கணக்கான பேரிடம் இருக்கிறது. ஆனால் எண் இருப்பவரின் பழைய ஸ்கேனும் டிஸ்சார்ஜ் சம்மரியும் அதோடு இணைந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. இந்தப் பக்கம் பிக்மியைப் பாருங்கள். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் நம் மாநிலத்து ஏற்பாடு, அது வீட்டுப் பேச்சுக்குள்ளேயே வந்துவிட்டது. "பிக்மி நம்பர் போட்டாச்சா?" என்று மாமியார் கேட்கிறார். பிறப்புச் சான்றிதழோடு கோத்துவிட்டதால் அந்த எண் இல்லாமல் பிறகு அலையவேண்டும் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். எந்தக் கருத்தரங்கமும் சாதிக்காததை ஒரு சான்றிதழ் சாதித்தது. (கிராம சுகாதாரச் செவிலியர் இன்னும் பதிவேட்டிலும் எழுதி, டேப்லட்டிலும் ஏற்றி அல்லாடுவது தனிக்கதை. அதற்கு 'இரட்டைப் பதிவு' என்று சொல் இருக்கட்டும்.)

ஒரு சொல்லைச் சோதிக்க நான் செய்வது, அதிலிருந்து மற்ற சொற்கள் கிளைக்கின்றனவா என்று பார்ப்பது. புழங்கு, புழக்கமாக்கு, புழக்க வீதம், புழக்கத் தடை, அரைப்புழக்கம், எல்லாம் வருகின்றன. கணினியில் மருந்து எழுதி, அதையே அச்செடுத்துக் காகிதக் கோப்பில் ஒட்டுகிறோமே, அதுதான் அரைப்புழக்கம். 'ஏற்பு'வை வைத்து 'அரையேற்பு' என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்குள் நிற்காது.

கல்வி பற்றி அப்புறம் எழுதுகிறேன், ஓ.பி.க்கு நேரமாகிவிட்டது.

* * *

டாக்டரம்மாவுக்கு வணக்கம்.

அண்டா நன்று. சொல்லும் பழுதில்லை. நாட்டார் வழக்காற்றியலில் 'புழங்குபொருள் பண்பாடு' என்று ஏற்கெனவே ஆள்கிறோம், அதனால் புழங்கு என்ற வேர் ஆய்வுத் தமிழுக்குப் புதிதும் அன்று. ஆனாலும் மூன்று தடைகள் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

முதலாவது பணப்புழக்கம். பொருளாதாரத்தில் அச்சொல் ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சுற்றிவருவதைக் குறிக்கிறது. 'தகவல் நுட்பப் புழக்கம்' என்றால் தகவல் ஊரைச் சுற்றுவதாக ஒருவர் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, புழக்கம் தானாக வருவது. அடாப்ஷனில் ஒருவர் முடிவெடுக்கிறார். கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போடுகிறார், அரசு ஆணை வருகிறது. அந்த வினை உங்கள் சொல்லில் எங்கே?

மூன்றாவதைச் சொல்லத் தயக்கம்தான். என் ஊர்ப் பக்கம் "அந்த வீட்டில் நாங்கள் புழங்குவதில்லை" என்றால் என்ன பொருள் என்பது இங்கே பலருக்குத் தெரியும். யார் வீட்டுத் தண்ணீரை யார் தொடலாம் என்ற கணக்கு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. கலைச்சொல்லாக்கும்போது அந்த நிழலும் கூடவே வரும்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிரீனை நினைத்துக்கொள்கிறேன். முழு மருத்துவத்துக்கும் சொல் தேட வேண்டியிருந்தது அவருக்கு. நாம் ஒன்றுக்கே இத்தனை மடல் எழுதுகிறோம். என் பரிந்துரை 'கைக்கொள்ளல்'. பழைய சொல், முடிவும் இருக்கிறது, கையும் இருக்கிறது.

* * *

ஐயா,

கோபமெல்லாம் இல்லை. இரண்டாவது தடையை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். முடிவெடுப்பதற்கு 'ஏற்பு' இருக்கட்டும், வார்டில் நடப்பதற்குப் 'புழக்கம்'. முதல்வர் ஏற்கிறார், செவிலியர் புழங்குகிறார். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அமுக்கிவிட்டது, நாமும் அமுக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. கைக்கொள்ளல் எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் அது ஒரு தனி ஆள் செய்கிற காரியம்: விரதத்தைக் கைக்கொள்ளலாம், கொள்கையைக் கைக்கொள்ளலாம். மருத்துவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறுகிறவர்கள். 1950களில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நான்கு ஊர் மருத்துவர்களை வைத்து, அப்போது புதிதாக வந்த டெட்ராசைக்ளின் மருந்தை யார் எப்போது எழுதத் தொடங்கினார்கள் என்று பார்த்தார்கள். சக மருத்துவர்களோடு அதிகம் பழகுகிறவர்கள் முன்னால் எழுதினார்கள், ஒதுங்கி இருந்தவர்கள் பின்னால். (அதே தரவைப் பிற்பாடு மறுபடி அலசியவர்கள், மருந்துக் கம்பெனியின் விளம்பரம்தான் பெரிய காரணம் என்றார்கள். மெடிக்கல் ரெப் வந்துபோகிற எந்த அறையிலும் உட்கார்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.) எப்படியானாலும் பழக்கத்தில் பரவுவதற்குப் புழக்கம் பொருந்துகிறது, பணப்புழக்கத்தின் சுற்று வாடை கொஞ்சம் ஒட்டியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது தடைதான் இரண்டு நாளாக மனதை அறுத்தது. அந்தக் கொடுமையோடு நான் எதையும் ஒப்பிட வரவில்லை. ஆனால் யாருக்கு அனுமதி என்ற கேள்வி எங்கள் கணினிக்கு முன்னாலும் நிற்கிறது, கல்வி பற்றி நான் எழுதாமல் விட்டதும் இதுதான். நான் பாடம் எடுத்த இடங்களில் மாணவனுக்கு லாகின் கிடையாது. நோயாளியிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கதை கேட்டவன் அவன், ஆனால் அவன் எழுதுவது ரெக்கார்டு நோட்டில், நோயாளியின் பதிவில் ஒரு வரிகூட இல்லை. ஹவுஸ் சர்ஜன் ஆன மறுநாள் திடீரென்று எல்லாவற்றையும் அவனே அடிக்கவேண்டும், அதுவும் யாரோ சீனியரின் கடவுச்சொல்லில், அது மானிட்டர் ஓரத்தில் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருக்கும். யார் எழுதினார்கள் என்பதே பதிவில் பொய்யாகிறது. அமெரிக்காவிலேயே, மாணவர் எழுதிய குறிப்பை ஆசிரியர் சரிபார்த்து ஒப்பமிட்டால் போதும், பில்லுக்காகத் திரும்ப முழுதாக எழுதவேண்டாம் என்று மெடிகேர் (அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடு) விதியைத் தளர்த்தியது 2018இல்தான். அதற்கு 50 ஆண்டு முன்னால், 1968இல், லாரன்ஸ் வீட் என்ற மருத்துவர், நோயாளிப் பதிவு நோயாளிக்கு வழிகாட்டவும் வேண்டும், மருத்துவருக்குக் கற்பிக்கவும் வேண்டும் என்று எழுதிவிட்டார். இன்றும் நாம் சொல்லிக்கொடுக்கிற சோப் குறிப்பு, அதாவது நோயாளி சொன்னது, நாம் கண்டது, நம் கணிப்பு, அடுத்த திட்டம் என்ற வரிசை, அவர் வழியில் வந்ததுதான்.

ஆகவே நிழலை மறைக்க வேண்டாம். 'புழக்க உரிமை' என்று ஒரு சொல்லையும் சேர்த்துவிடுவோம்: பதிவை யார் பார்க்கலாம், யார் எழுதலாம், யார் திருத்தலாம். ஆங்கிலத்தில் 'ஆக்சஸ்' என்று சொல்வதற்கு நாம் 'அணுகல்' என்று போட்டு, கோயில் வாசலில் நிற்பது போலவே இருக்கிறது இவ்வளவு நாளும்.

* * *

ஐயாவுக்கும் டாக்டரம்மாவுக்கும் நன்றி. அத்தியாயத் தலைப்பு இப்போது இப்படி இருக்கிறது: 'நலத் தகவல் நுட்பம்: ஏற்பும் புழக்கமும்'. முதல் பத்தியை ஒட்டுகிறேன், பிழை இருந்தால் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.

"ஒரு மருத்துவமனை மென்பொருளை ஏற்பது ஒரு நாளில் நடக்கும். அது புழக்கத்துக்கு வந்ததா என்பதை அறிய, பதிவான நேரத்தையும் நோயாளியைப் பார்த்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கென்று தனிப் புழக்க உரிமை கேட்டு வாங்குங்கள். பிளாஸ்திரியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லைப் பயன்படுத்தாதீர்கள்."

கடைசி வரியைப் பதிப்பாசிரியர் வெட்டச் சொல்கிறார். நான் வெட்டுவதாக இல்லை.