புதுப்பிப்பு: நந்தவனத்து அண்ணாச்சிக்கும் ஆச்சிக்கும் செய்த மரியாதை

போன மாதம் கேட்டிருந்தேன்: தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர்க் கோயில் நந்தவனத்தை 22 வருஷம் சம்பளம் வாங்காமல் பராமரித்த அண்ணாச்சியும் ஆச்சியும் உடம்புக்கு முடியாமல் ஓய்வு எடுக்கிறார்கள், எப்படிப் பாராட்டலாம் என்று. சால்வை, கேடயம் என்று பலரும் சொன்னீர்கள். நேற்று விழா நடந்தது.

சால்வை போட்டோம். ஆனால் ஆச்சியின் மனசு நிறைந்தது வேறொன்றில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தோட்டம் முழுக்க வண்டல் ஏறிக் கிடந்தபோது, இவர்கள் இருவரும்தான் மண்வெட்டியோடு நின்று நந்தியாவட்டையை மீட்டார்கள். அன்று பிழைத்த அதே செடியில் போத்து (நடுவதற்கான கிளைத் துண்டு) வெட்டி வளர்த்த 40 கன்றுகளை, ஆச்சி கையாலேயே தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்க வைத்தோம். "எல்லாம் நம்ம பிள்ளைக" என்று அழுதுவிட்டார். எனக்கும் தாங்கவில்லை.

அண்ணாச்சி மேடையில் பேசவில்லை. இளைஞர்களைச் செம்பருத்திப் பக்கம் கூட்டிப்போய், மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளிக்கும் விதத்தைக் காட்டினார். கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால்தான் எண்ணெய் தண்ணீரோடு கலக்கும்; வெயில் தாழ்ந்த பிறகே தெளிக்க வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அப்புறம், தண்ணீர் ஊற்ற முறை போட்டாயிற்று. செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் இன்னும் ஒரு ஆள் வேண்டும்.