புறப்பாட்டு வரிசை மாதிரி: மாலையில் காத்திருப்பு நேரம் மைனஸில் வருகிறது

கேள்வி:
வணக்கம். நியூயார்க் லாகார்டியாவில் விமானம் கேட்டை விட்டு நகர்ந்தபின் மேலெழும்ப எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று கணிக்க முயல்கிறேன். அமெரிக்கப் போக்குவரத்துப் புள்ளியியல் அலுவலகத்தின் டாக்சி-அவுட் (கேட்டை விட்டு நகர்ந்தது முதல் மேலெழும்பும் வரையான நேரம்) தரவை மணிவாரியாகப் பிரித்து எம்/எம்/1 என்ற வரிசைக் காத்திருப்புச் சூத்திரத்தில் போட்டேன். சேவை வீதமாக (ஓடுபாதை மணிக்கு எத்தனை விமானங்களை அனுப்ப முடியும் என்பது) அந்த மணியில் கிளம்பிய விமானங்களின் எண்ணிக்கையை வைத்தேன். முற்பகலில் ஓரளவு ஒத்துப்போகிறது. மாலை 5 மணிக்கு மேல் விடை மைனஸில் வருகிறது. எங்கே இடிக்கிறது?

பதில் 1:
வருகை வீதம் (மணிக்கு எத்தனை விமானங்கள் புறப்பாட்டு வரிசையில் வந்து சேர்கின்றன என்பது) சேவை வீதத்தைவிடக் குறைவாக, அதுவும் நீண்ட நேரம் மாறாமல் இருந்தால்தான் அந்தச் சூத்திரம் செல்லும். மாலையில் இரண்டுமே இல்லை. ஓடுபாதை மணிக்கு 36 விமானங்களை அனுப்புகிறது, 40 வந்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மணியிலிருந்து 7 மணிக்குள் 8 தேங்கிவிடும். கடைசியில் வந்தது சுமார் 13 நிமிடம் நிற்கும். அப்புறம் வருகை 32 ஆகக் குறைந்தாலும் வரிசை தீர 9 மணி ஆகிவிடும். 5 மணி நெரிசல் 8 மணி விமானத்தின் தலையில் விழுகிறது. ஒவ்வொரு மணியையும் தனியாகப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. 15 நிமிடத் துண்டுகளாக்கி, ஒன்றின் மிச்சத்தை அடுத்ததில் சேர்த்துக்கொண்டே போங்கள்.

பதில் 2:
எனக்குப் பெரிதாகப் படுவது சேவை வீதம்தான். கிளம்பிய எண்ணிக்கை கொள்ளளவு ஆகாது. வரிசை இல்லாத நேரத்தில் நீங்கள் அளப்பது தேவையை. டாக்சிவேயில் (கேட்டிலிருந்து ஓடுபாதைக்குப் போகும் வழியில்) நிற்கும் விமானங்கள் எத்தனை, அப்போது புறப்பாட்டு வீதம் என்ன என்று வரைபடம் போடுங்கள். கோடு ஏறிப்போய் ஓரிடத்தில் தட்டையாகும். அந்த மட்டம்தான் கொள்ளளவு. பாஸ்டன் லோகனில் 2010இல் புஷ்பேக்கை (விமானத்தைக் கேட்டிலிருந்து பின்னால் தள்ளி வெளியே விடுவதை) அளவோடு விட்டுப் பார்த்த சோதனைக்கும் இந்த வளைவுதான் அடிப்படை. தட்டையான பிறகு இன்னொன்றை வெளியே விட்டால் எரிபொருள்தான் வீண்.

லாகார்டியாவின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஒன்றில் இறங்கும் விமானங்களுக்கு நடுவே இடைவெளி கிடைத்தால்தான் மற்றதில் கிளம்ப முடியும். எனவே இறங்குபவை அதிகமுள்ள நேரத்துக்குத் தனி வளைவு வேண்டும். இன்னொன்று, அந்தத் தரவில் பெரிய நிறுவனங்களின் உள்நாட்டு விமானங்கள் மட்டுமே உண்டு. டொரோண்டோ விமானமும் தனியார் ஜெட்டும் ஓடுபாதையைப் பிடிக்கும், கணக்கில் வராது. கொள்ளளவு குறைவாகவே தெரியும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. துண்டுகளாகப் பிரித்ததும் மைனஸ் போய்விட்டது, வளைவும் தட்டையாகிறது. ஆனால் வரிசை சிறிதாக இருக்கும்போதும் சில விமானங்கள் ஒரு மணி நேரம் நிற்கின்றனவே?

பதில் 2:
அவை எங்கே போகின்றன என்று பாருங்கள். சேருமிடத்தில் வானிலை மோசமென்றால் புறப்படும் நேரத்தைக் குறித்துக் கொடுத்துவிடுவார்கள். கேட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தால் விமானம் வெளியே வந்து ஓரமாகக் காத்திருக்கும். ஒரே ஊருக்குப் போகும் விமானங்கள் எல்லாம் அந்த நேரத்தில் சேர்ந்தே நின்றிருந்தால், அவற்றை வரிசைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.